பெட்ரோல் பங்க் வேலையில் மூச்சு வழியே போவது

பங்க்கில் சேரும் எவருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது தீயைப் பற்றித்தான். எனக்கும் அப்படித்தான். மணல் வாளி எங்கே, தீயணைப்பானின் பின்னை எப்படி இழுப்பது, எல்லா மெஷினையும் ஒரே அடியாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எந்தத் தூணில் இருக்கிறது, வண்டியை அணைக்காமல் நிற்பவரிடம் எப்படிப் பேசுவது. குறை சொல்வதற்கில்லை. பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றிக்கொள்ளக்கூடியது. அந்தப் பயிற்சி இல்லாமல் நாசிலைத் தொடவே கூடாது. ஆனால் அதே ஆவியை ஷிப்ட் முழுவதும் நாங்கள் மூச்சாக இழுக்கப் போகிறோம் என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சேர்ந்த புதிதில் வாடை மூக்கைத் துளைக்கும். கொஞ்ச நாளில் காணாமல் போய்விடும். ஆவி அப்படியேதான் இருக்கிறது, மூக்குதான் பழகி மரத்துவிடுகிறது. வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், நமக்கு எதுவும் தெரியாது. “எனக்கெல்லாம் வாடையே வர்றதில்ல தம்பி, பழகிருச்சு” என்று மூத்தவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பழகியது மூக்கு மட்டும்தான். எலும்பு மஜ்ஜை எதற்கும் பழகுவதில்லை.

மாலையில் தலைவலி, கண் எரிச்சல், லேசான கிறுகிறுப்பு, காரணமில்லாத அசதி. நின்றே வேலை பார்க்கிறோம், வெயில், தூக்கம் போதவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். என்னோடு வேலை பார்த்த ஒரு அக்காதான் இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைப் பிடித்தார். தலைவலி வந்த நாளுக்கெல்லாம் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டே வந்திருந்தார். வார விடுமுறையில் புள்ளி இல்லை. டேங்கர் லாரியிலிருந்து லோடு இறங்கிய நாட்களில் தவறாமல் புள்ளி இருந்தது. இதற்கு மருத்துவர் வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு பேனா போதும். விடுப்பில் போனால் மறைந்து, வேலைக்கு வந்தால் திரும்புகிற தொந்தரவு என்றால் வேலையிடத்தைச் சந்தேகிக்கலாம். பின்னால் மருத்துவரிடம் பேசியபோதும் மேனேஜரிடம் பேசியபோதும் அந்தக் காலண்டர்தான் எங்களுக்காகப் பேசியது.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் நமக்கு முக்கியமானவை பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவை. தலைவலி, கிறுகிறுப்பு, கண் எரிச்சல் எல்லாம் இந்தக் கலவை மொத்தமும் சேர்ந்து செய்யும் வேலை. அன்றைக்கு வரும், காற்றாட நின்றால் போய்விடும். நீண்ட காலக் கவலை பென்சீன். 1825-இல் மைக்கேல் ஃபாரடே பிரித்தெடுத்த பொருள் இது. 80 டிகிரியில் கொதிக்கும், ஆனால் சாதாரண வெப்பத்திலேயே விறுவிறுவென்று ஆவியாகும். மூச்சு வழியாக ரத்தத்துக்குப் போய், கல்லீரலில் உடைந்து, அந்த உடைந்த பொருட்கள் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகின்றன. ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடம் அதுதான். இஸ்தான்புல்லில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களிடம் ரத்தப் புற்று அதிகம் இருப்பதை முசாஃபர் அக்சோய் என்ற துருக்கிய மருத்துவர் 1970-களில் வெளியிட்டார். அவர்கள் பயன்படுத்திய பசையில் இருந்தது பென்சீன். பெட்ரோலில் அவ்வளவு இல்லை. பல நாடுகளில் இன்று கன அளவில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் பங்க்காரன் அந்த 1 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் தன் வேலை நேரம் முழுவதும் நிற்கிறான்.

உலகச் சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பென்சீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. டீசல் புகையை 2012-இல் அதே பிரிவில் சேர்த்தது. 2025-இல் வாகனப் பெட்ரோலையே அந்தப் பிரிவுக்கு ஏற்றியது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் பெரியவர்களுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுக்கும் போதுமான சான்று இருப்பதாகச் சொன்னது. இந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறதே தவிர, யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று அளந்து சொல்வதில்லை. பங்க்கில் நிற்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று அதற்குப் பொருள் கிடையாது. பெரும்பாலோருக்கு வராது. மூச்சில் போகும் அளவைக் குறைத்தால் அந்த வாய்ப்பும் குறையும். நம் கையில் இருப்பது அது.

அளவை எங்கே குறைப்பது? நான் சொல்ல வந்தது இதைத்தான். ஷிப்ட் முழுக்க ஒரே சீராக ஆவி நம் மேல் படுவதில்லை. சில நிமிடங்களில், சில வேலைகளில் மொத்தமாக வந்து அடிக்கிறது. அந்த நிமிடங்களைக் கண்டுபிடித்து மாற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வண்டியின் டேங்க் காலியாக இருக்கிறது என்கிறோம். அது காலி இல்லை. பெட்ரோல் ஆவி நிறைந்த காற்று உள்ளே இருக்கிறது. 40 லிட்டர் அடித்தால் 40 லிட்டர் ஆவிக்காற்று டேங்க் வாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும். எங்கே வரும்? வாய்க்குப் பக்கத்தில் யார் முகம் இருக்கிறதோ அங்கே. இதை ஒருவர் எனக்குச் சொன்ன பிறகு நான் நிற்கும் விதமே மாறிவிட்டது. குனிந்து டேங்க்குக்குள் எட்டிப் பார்ப்பதை விட்டேன். நாசிலைச் செருகி, கையை எடுத்தாலும் பெட்ரோல் ஓடும்படி ஆட்டோ லாக் போட்டு, கை எட்டும் தூரத்துக்கு ஓரடி பின்னால் தள்ளி, காற்று என் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நிற்பேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கொடி, மரக்கிளை, தோரணம், ஏதாவது ஒன்று எல்லா பங்க்கிலும் இருக்கும். பைக்குக்கு அடிக்கும்போது இது இன்னும் முக்கியம். டேங்க் வாய் நேரே நெஞ்சு உயரத்தில் திறந்து கிடக்கிறது, லாக் போட்டுவிட்டுத் தள்ளி நிற்கவும் முடியாது. குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், மீட்டரைப் பார்க்கலாம்.

அடுத்தது, கட் ஆன பிறகும் அழுத்தி அழுத்தி அடிப்பது. “இன்னும் கொஞ்சம் போகும் அண்ணே, ஃபுல் பண்ணுங்க” என்பார்கள். ரவுண்டாக வரட்டும் என்று பில்லைச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. நாசில் தானாக நின்றது, டேங்க் நிரம்பிவிட்டது என்று சொல்லத்தான். அதன் பிறகு அடிக்கும் ஒவ்வொரு சொட்டும் வாய் விளிம்பில் நுரைத்து, வழிந்து, நம் கையில் படுகிறது. அதைத் துடைக்கத் துணி வேண்டும். அந்தத் துணி ஈரமாக நம் தோளிலோ பாக்கெட்டிலோ தொங்குகிறது. பிரேசிலில் 2016-இல் பங்க் தொழிலாளர்களுக்கென்றே பென்சீன் பற்றித் தனி விதி கொண்டுவந்தார்கள். கட் ஆன பிறகு அடிக்கக் கூடாது, கசிவைத் துணியால் துடைக்கக் கூடாது என்று அதில் நேரடியாகவே எழுதியிருக்கிறது. அந்த நாட்டில் சட்டப்படி வண்டிக்காரர் தானே அடித்துக்கொள்ள முடியாது, ஆள்தான் அடிக்க வேண்டும். பல லட்சம் பேர் நாசில் பிடிக்கும் இடத்தில் விதி எழுதியவர்கள் குறிவைத்தது இந்த இரண்டு பழக்கங்களை. மேசையில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு இது தோன்றியிருக்காது, நாசில் பிடித்தவர்களைக் கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் பங்க்கில் துணியை ஒழிப்பதற்குத்தான் பெரும் சண்டை. வண்டிக்காரர்களுக்கு டேங்க் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் கோபம் வரும். ஒரு முறை துடைத்துவிட்டு மூடி போட்ட டப்பாவில் எறிந்துவிடும் காகிதத் துண்டு வந்த பிறகு பிரச்சினை பாதியானது. மீதிப் பாதி, நாசிலை எடுக்கும் விதத்தில் போனது. அடித்து முடித்ததும் உடனே உருவாமல், முனையை டேங்க்குக்குள்ளேயே நாலைந்து நொடி வைத்து, சொட்டு வடிந்த பிறகு மூக்கை மேல்நோக்கித் திருப்பி எடுத்தால் கீழே சொட்டாது. இதைப் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறோம்.

எல்லாவற்றிலும் மோசமான நேரம் லோடு இறங்கும் நேரம். டேங்கரின் மேலே ஏறி, மூடியைத் திறந்து, டிப் ராடு விட்டு அளவு பார்ப்பவர் வாங்கும் ஆவி, நாள் முழுக்க நாசில் பிடிப்பவர் வாங்குவதைவிட அதிகமாகவே இருக்கலாம். நிலத்தடி டேங்க்கில் பெட்ரோல் இறங்க இறங்க, உள்ளே இருந்த ஆவி அத்தனையும் வெளியேறும். ஆவியைத் திரும்ப டேங்கருக்கே கொண்டுபோகும் இரண்டாவது குழாய் இருந்தால் அதைக் கட்டாயம் மாட்டவேண்டும். அந்தக் குழாய் ஓரமாகச் சுருட்டிக் கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மாட்டக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகுமாம். குழாய் இல்லாத இடத்தில், டேங்க்கின் ஆவி வெளியேறும் வென்ட் பைப்பிலிருந்து தள்ளி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நிற்கலாம். மூடியைத் திறந்த உடனே குனியாமல், முதல் ஆவி போகும்வரை ஒதுங்கி நிற்கலாம். லோடு பார்க்கும் வேலையை எப்போதும் ஒரே ஆள் தலையில் கட்டாமல் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

டென்சிட்டி, அதாவது பெட்ரோலின் அடர்த்தி, பார்ப்பதும் இதே கதைதான். ஜாரில் பெட்ரோலை ஊற்றி ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கண் போகிற இடத்துக்கு மூக்கும் போகிறது. நான் பார்த்த பல இடங்களில் இதை ஆபீஸ் அறைக்குள்ளே, மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, மேசை மேல் வைத்துச் செய்வார்கள், அளவு ஆடக் கூடாது என்று. வெளியே நிழலில் வைத்துப் பார்த்தாலும் அளவு ஆடாது. பார்த்து முடித்ததும் ஜாரை மூடி, பெட்ரோலை உடனே டேங்க்கில் ஊற்றிவிட வேண்டும். அறையில் திறந்து வைத்தால் அங்கே உட்கார்ந்து கணக்கு எழுதுபவரும் சேர்த்து மூச்சில் வாங்குவார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் போய்த் தங்கும். நிலத்தடிக் குழிக்குள் தனியாக ஒருவரும் இறங்கக் கூடாது என்பது இதனால்தான். அங்கே மயங்கினால் மேலே நிற்பவருக்குத் தெரியக்கூட நேரமாகும்.

மாஸ்க் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கொரோனா காலத்தில் போட்ட துணி மாஸ்க்கோ, நீல மாஸ்க்கோ, என்95-ஓ பெட்ரோல் ஆவியைத் தடுக்காது. அவை தூசிக்கும் துளிகளுக்கும் உரியவை. ஆவி வாயு, கார்பன் நிரப்பிய கேட்ரிட்ஜ் உள்ள முகமூடிதான் அதைப் பிடிக்கும். அதுவும் கேட்ரிட்ஜ் நிறைந்துவிட்டால் பயனில்லை, மாற்ற வேண்டும், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். வெயிலில் ஷிப்ட் முழுக்க அதைப் போட்டு நிற்பது நடக்கிற காரியமல்ல. லோடு இறக்கும்போது, பெரிய கசிவைச் சுத்தம் செய்யும்போது என்று வைத்துக்கொள்ளலாம். முதலாளி எல்லோருக்கும் ஆளுக்கொரு துணி மாஸ்க் கொடுத்துக் கடமை முடிந்தது என்று நினைத்தால், அது இரண்டு பக்கமும் ஏமாற்றிக்கொள்வது.

தோலையும் விட்டுவிடக் கூடாது. பெட்ரோல் தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். விரல் நுனிகள் வெடித்து, தோல் வறண்டு உரியும். வெடித்த தோல் வழியாக உள்ளே போவதும் எளிது. கிரீஸ் படிந்த கையைப் பெட்ரோலில் கழுவும் பழக்கம் மெக்கானிக்குகளிடமிருந்து நமக்கும் தொற்றியது. சோப்பும் தண்ணீரும் போதும், கழுவியபின் கொஞ்சம் எண்ணெயோ கிரீமோ தடவலாம். கையுறை என்றால் நைட்ரைல். சாதாரண ரப்பர் கையுறை பெட்ரோலில் ஊறி நைந்துபோகும். எச்சில் தொட்டு நோட்டு எண்ணுவதை விட்டுவிட வேண்டும். நாசில் பிடித்த விரல் அது.

உடை நனைந்துவிட்டால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் அதிகம். நனைந்த பேன்ட் இரண்டு மணி நேரம் தொடையோடு ஒட்டியிருந்தால் தோல் வெந்ததுபோல் சிவந்துவிடும், ஆவி நேரே மூக்குக்கு ஏறிக்கொண்டே இருக்கும். மாற்று உடை ஒன்று பங்க்கிலேயே இருக்க வேண்டும். கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: நிறைய நனைந்திருந்தால் முதலில் மேலே தண்ணீர் ஊற்றிவிட்டுக் கழற்றுங்கள், உரசலில் வரும் நிலைமின்சாரப் பொறி அந்த ஆவியைப் பற்றவைக்கக்கூடும். யூனிஃபார்மை வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம். குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்வதற்கு முன் சட்டையை மாற்றிவிடுவது என்று எங்களில் பலர் வழக்கமாக்கிக்கொண்டோம். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். வாயால் குழாயை உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; தவறி நுரையீரலுக்குள் ஒரு மடக்கு போனாலும் உயிருக்கே ஆபத்து. அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாந்தியில் அது மறுபடி நுரையீரலுக்குள் போகும். நேரே மருத்துவமனைதான்.

புகைபிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிகரெட் புகையிலும் பென்சீன் இருக்கிறது. பங்க்கில் பிடிக்க முடியாது என்பதால் வெளியே போய்ப் பிடித்துவிட்டு வருகிறோம். இரண்டு கணக்கும் ஒரே மஜ்ஜையில்தான் ஏறுகிறது.

காற்றில் எவ்வளவு பென்சீன் இருக்கலாம் என்று சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1987-இல் வந்த விதி, 8 மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 1 பங்கு என்று வரம்பு வைத்தது. ஆனால் அந்த விதியிலிருந்து பெட்ரோல் விற்பனை நிலையங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அங்கே பழைய 10 பங்கு வரம்புதான். இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரலிலிருந்து 0.2 என்று இறக்கியிருக்கிறது. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்களின் அமைப்பு ஒன்று 2024-இல் 0.02 போதும் என்று பரிந்துரைத்தது, அதற்குச் சட்ட பலம் இல்லை. எண் எங்கே இருந்தாலும் திசை ஒன்றுதான்: ஒவ்வொரு முறை ஆராயும்போதும் வரம்பு இறங்குகிறது. இன்றைக்கு வரம்புக்குள் இருக்கிறோம் என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். வேறு ஏதோ காய்ச்சலுக்காகப் போனபோது எனக்கு வெள்ளணு குறைவாக இருந்தது. மருத்துவர் மருந்து எழுதிக்கொண்டே “என்ன வேலை?” என்றார். சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு, எத்தனை வருடமாக, பெட்ரோலா டீசலா, லோடு பார்ப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சலினாலும் குறையலாம், பென்சீனினாலும் குறையலாம், ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது என்றார். சில வாரம் கழித்து மறுபடி எடுத்ததில் ஓரளவு ஏறியிருந்தது. அந்த இடைவெளியில் மேனேஜரிடம் பேசி பில் கவுன்டருக்கு மாறியிருந்தேன். ஏறியதற்குக் காய்ச்சல் விட்டதுதான் காரணமா, நாசிலை விட்டதா என்று யாராலும் அறுதியிட முடியாது. “உங்க பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தா ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாமே” என்றார். இல்லை. எங்களில் ஒருவரிடமும் இல்லை.

அதனால்தான் வேலையில் சேரும்போதே ஒரு முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை எடுத்து வைக்கச் சொல்கிறேன். பெரிய செலவில்லாத, எங்கும் கிடைக்கும் பரிசோதனை. சிவப்பணு, வெள்ளணு, அதிலும் லிம்ஃபோசைட் என்ற வகை, தட்டணு (பிளேட்லெட்) எல்லாம் அதில் வந்துவிடும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது, முடிந்தவரை அதே ஆய்வகத்தில். ஒரு எண் நார்மல் வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். எல்லாம் நார்மல் என்று வந்தால் ஆவியே படவில்லை என்று ஆகிவிடாது. பென்சீன் எவ்வளவு உள்ளே போனது என்று சிறுநீரில் பார்க்கும் பரிசோதனைகளும் உண்டு, ஆனால் அவை சாதாரண ஆய்வகங்களில் கிடைப்பது அரிது. ஷிப்ட் முடியும் நேரத்தில் மாதிரி கொடுத்தால்தான் பொருளுண்டு. அடிக்கடி ஈறில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பில் கன்றிய நீலம், விடாத காய்ச்சல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது இவை வந்தால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

கர்ப்பமாக இருப்பவர், அல்லது அதற்குத் திட்டமிடுபவர், நாசில் வேலையிலிருந்தும் லோடு இறக்கும் இடத்திலிருந்தும் விலகி இருப்பது நல்லது. காலண்டரில் புள்ளி வைத்த அக்கா கேட்டபோது முதலில் மறுத்தார்கள். மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வந்து கொடுத்ததும் உள்ளே மாற்றினார்கள். வாய்ச்சொல்லைவிடக் காகிதத்துக்கு மதிப்பு.

முதலாளியிடம் பேசுவது பற்றி. உடல்நலம் என்று ஆரம்பித்தால் “மத்தவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க” என்பதோடு முடிந்துவிடும். நாங்கள் வேறு பக்கமாகப் போனோம். ஆவியாகப் போவதும் பெட்ரோல்தான், கசிந்து துணியில் போவதும் பெட்ரோல்தான், விற்க வேண்டிய சரக்கு. ஆவிக்குழாய் மாட்டினால் பெட்ரோல் காற்றில் வீணாகப் போவது குறையும் என்று சொன்னோம். அது ஏறியது. கட் ஆன பிறகு அடிக்கப்படாது என்று மெஷினில் ஒரு பலகையும் தொங்கவிட்டார். பலகை வந்த பிறகு வண்டிக்காரர்களோடு வாக்குவாதம் பெருமளவு நின்றுவிட்டது. கேட்டால் பலகையைக் காட்டிவிடலாம், நம் மேல் கோபம் இல்லை.

ரிப்போர்ட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். முதல் பக்கத்தில் எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், என்னென்ன வேலை பார்த்தீர்கள், லோடு எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்ப்பீர்கள், எப்போது உள் வேலைக்கு மாறினீர்கள் என்று எழுதி வையுங்கள். பங்க்கை விட்டு வேறு வேலைக்குப் போனாலும் அதைக் கிழித்துப் போட வேண்டாம். பென்சீனின் விளைவு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். அன்றைக்கு மருத்துவர் கேட்கப்போவது இப்போது என்ன வேலை என்று மட்டும்தான். முன்னால் பார்த்த வேலையை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.